எஸ்.ஐ. தேர்வுக்குக் கயிறு: இரண்டரை ஆண்டு ஏறிய பிறகு சொல்கிறேன்

போன வாரம் சித்தி மகன் போன் செய்தான். "அண்ணே, எஸ்.ஐ.க்கு அப்ளை பண்ணிட்டேன். கயிறு வாங்கணும். உன்கிட்ட இருக்கிற மாதிரி தேங்கா நார்க் கயிறே வாங்கிடவா, இல்ல நைலான் போதுமா?" என்று கேட்டான். எஸ்.ஐ. என்கிற காவல் உதவி ஆய்வாளர் தேர்வில் ஆண்கள் கயிறும் ஏறிக் காட்ட வேண்டும், அதற்குப் பழகத்தான் கயிறு. நாளைக்குச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். ஒரு வாரம் ஆகியும் பதில் சொல்லவில்லை. ஒரு வரியில் சொல்கிற விஷயமாக அது எனக்கு இல்லை.

இந்த 2025 ஏப்ரலில் 1,299 எஸ்.ஐ. பணியிடங்களுக்கு அறிவிப்பு வந்ததிலிருந்து எங்கள் பக்கத்தில் இதே பேச்சுதான். எந்தப் புத்தகம், எந்த டெஸ்ட் பேட்ச் என்பதற்கெல்லாம் ஆளுக்கொரு பதில் கிடைக்கும். கயிற்றைப் பற்றி யாரும் விவரமாகச் சொல்வதில்லை. "ஏதாவது ஒண்ணைக் கட்டி ஏறு" என்பார்கள். நானும் 2023 ஜனவரியில் அப்படித்தான் போய் வாங்கினேன்.

பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் தேங்காய் நாருக்குப் பஞ்சம் இல்லை. கஜா புயலில் பாதித் தோப்பு சாய்ந்த பிறகும் கயிறு திரிக்கும் இடங்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. அப்படி ஓர் இடத்தில் ஒன்றரை அங்குலத் தடிமனில், மூன்று புரி, 32 அடி நீளம் என்று சொல்லித் திரித்து வாங்கினேன். எட்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேல் இருந்தது. 1,500 ரூபாய். ஏரிக்கரையில் புயலுக்குத் தப்பி நின்ற புளியமரத்தின் கிளையில், தரையிலிருந்து ஏழரை மீட்டர் உயரத்தில் கட்டினேன். மரப்பட்டை கயிற்றை அறுக்காமல் இருக்கச் சாக்கு மடித்து வைத்தேன். கீழே மணலும் வைக்கோலும் கொட்டினேன். டேப் பிடித்து அளந்து, 5 மீட்டரில் ஒரு சிவப்புத் துணி, 6 மீட்டரில் ஒரு சிவப்புத் துணி கட்டினேன்.

இந்த இரண்டு துணியும் எதற்கு என்று தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். 5 மீட்டர் ஏறினால் சிங்கிள் ஸ்டார், 2 மதிப்பெண். 6 மீட்டர் தொட்டால் டபுள் ஸ்டார், 5 மதிப்பெண். இது ஆண்களுக்கு மட்டும். பெண்களுக்குக் கயிறு கிடையாது, அவர்களுக்குக் குண்டு எறிதலோ கிரிக்கெட் பந்து எறிதலோ இருக்கும். அந்த மேல் ஒரு மீட்டருக்கு 3 மதிப்பெண். எழுத்துத் தேர்வில் 140 கேள்விக்கு 70 மதிப்பெண், கேள்விக்கு அரை மதிப்பெண். அப்படியென்றால் அந்த ஒரு மீட்டர் ஆறு கேள்விக்குச் சமம். ஆறு கேள்வி கூடுதலாகச் சரி செய்ய நான் எத்தனை ராத்திரி உட்கார்ந்திருக்கிறேன் என்று எனக்குத்தான் தெரியும். ஆறாம் வகுப்பிலிருந்து பள்ளிப் புத்தகங்களைத் திரும்பத் திரும்பப் படித்து, முந்தைய முறை எடுத்ததற்கு மேல் ஒன்பது கேள்விதான் கூட்ட முடிந்தது.

முதலில் கயிற்றின் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது நிறைய இருக்கிறது.

நைலானில் நான் ஏறியிருக்கிறேன். கை வியர்த்தால் வழுக்கும். இறங்கும்போது கொஞ்சம் விட்டுவிட்டாலும் உள்ளங்கை பொசுங்கிவிடும். நூல் கயிறு பிடிக்க மெத்தென்று சுகமாக இருக்கும், ஒரு மழைக்காலம் போனால் பூஞ்சை பிடித்துக் கனத்துப்போகும். தேங்காய் நார் இரண்டரை ஆண்டில் இரண்டு ஐப்பசி, கார்த்திகை மழையைத் தாங்கி நிற்கிறது. உப்புத் தண்ணீரையே தாங்குகிற நார் அது, அதனால்தான் படகுக்காரர்கள் காலங்காலமாக வைத்திருந்தார்கள். வியர்த்த கைக்கு இதுபோலப் பிடி கொடுக்கும் கயிறு வேறில்லை. கையைத் தானே பிடித்துக்கொள்வது போல இருக்கும்.

முதல் மாதம் நெஞ்சு, தொடை, முழங்கை உட்புறம் எல்லாம் சிராய்ப்பு. குளிக்கும்போது எரியும். அம்மா மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் குழைத்துத் தடவுவார். முழுக்கைச் சட்டை போட்டு ஏறினால் பாதி குறையும். இரண்டாம் மாதத்தில் உள்ளங்கை காய்த்துவிட்டது. அதற்குப் பிறகு வலி என்று ஒன்று இல்லை.

இன்னொன்று நான் எதிர்பார்க்காதது. எனக்கு உயரம் என்றால் சின்ன வயதிலிருந்தே பயம். வீட்டு ஓடு மாற்ற மேலே ஏறச் சொன்னால் தம்பியை அனுப்புவேன். முதல் வாரம் மூன்று மீட்டர் தாண்டியதும் கீழே பார்த்து உடம்பு நடுங்கியது. ஏப்ரலில் ஒரு சாயங்காலம் 6 மீட்டர் துணியைத் தொட்டு, அப்படியே இரண்டு மூச்சு நின்று ஏரி முழுவதையும் பார்த்தேன். தண்ணீர் வற்றி நடுவில் மட்டும் பளபளவென்று இருந்தது. மாடுகள் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தன. அவ்வளவு உயரத்திலிருந்து என் ஊரை நான் அதுவரை பார்த்ததில்லை. அந்தச் சாயங்காலத்துக்கே கொடுத்த 1,500 ரூபாய் சரியாகப் போயிற்று.

அதற்குப் பிறகு பக்கத்து ஊர்ப் பையன்கள் நான்கு பேர் வந்து சேர்ந்தார்கள். ஒருவன் ஏறும்போது கீழே நிற்பவர்கள் கேள்வி கேட்பார்கள். இறங்குவதற்குள் பதில் சொல்ல வேண்டும். உளவியல் பகுதியில் வரும் எண் தொடர், உறவுமுறைக் கேள்விகளை நான் அந்த மரத்தடியில்தான் கற்றேன். மூச்சு வாங்கும்போது கணக்குப் போடப் பழகினவனுக்குத் தேர்வு அறையில் இரண்டரை மணி நேரம் பெரிதாகத் தெரியவில்லை. தமிழ்த் தகுதித் தேர்வு 100 கேள்வி, 40 எடுத்தால் போதும், அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

இனி அந்த ஒரு குறை.

2023 அறிவிப்பில் 621 எஸ்.ஐ. பணியிடம். எழுத்துத் தேர்வு தேறினேன். உயரம், மார்பளவு சரியாக வந்தது. 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும், ஆறு நிமிடத்துக்குள் முடித்தேன். நீளம் தாண்டுதலில் 4.50 மீட்டர் தாண்டி டபுள் ஸ்டார், 100 மீட்டரிலும் 13.5 விநாடிக்குள் வந்து டபுள் ஸ்டார். கயிறுதான் எனக்கு மிகவும் நம்பிக்கையானது. வீட்டில் ஒரு நாளில் ஐந்து முறை 6 மீட்டர் தொட்டவன் நான். பதினாலு பிடியில் துணிக்குக் கை போய்விடும். உடம்புக்கே அந்தக் கணக்கு தெரியும்.

கிரவுண்டில் தொங்கியதும் நார்க் கயிறுதான். ஏறினேன். 5 மீட்டர் தாண்டியது. பதினாலாவது பிடியில் எனக்குள் மிச்சம் இருந்த எல்லாவற்றையும் போட்டுக் கையை நீட்டினேன். அடையாளம் அங்கே இல்லை. கண்ணுக்கு எதிரே, இன்னும் ஒரு சாண் மேலே இருந்தது. பதினைந்தாவது பிடி என்று ஒன்று என் உடம்பில் இல்லை. கை விரிந்துவிட்டது.

சிங்கிள் ஸ்டார். 2 மதிப்பெண்.

இறுதிப் பட்டியலில் என் எண் இல்லை. அந்த 3 மதிப்பெண் இருந்திருந்தால் இருந்திருக்கும்.

பதற்றம், முதல் நாள் தூக்கம் இல்லை, கயிறு புதிது என்று ஒரு மாதம் எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒரு நாள் டேப்பை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனேன். 6 மீட்டர் என்று நான் கட்டிய சிவப்புத் துணி 5 மீட்டர் 73 சென்டிமீட்டரில் இருந்தது. 5 மீட்டர் துணி 4 மீட்டர் 67-ல்.

மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

புதுக் கயிறு ஏற ஏற நீளும். முறுக்கு இறுகி, புரிகள் ஒன்றோடொன்று ஒட்டி, கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். கிளையில் போட்ட சுற்று இறுகும், சாக்கு நசுங்கும், அந்தக் கணக்கிலும் இறங்கும். மேலிருந்து நீளுவதால் கீழே இருக்கிற துணி மேலே இருப்பதைவிட அதிகம் இறங்கியிருந்தது. ஐந்து பேர் தினமும் ஏறிய கயிறு. ஒரே நாளில் இறங்கியிருந்தால் கண்டுபிடித்திருப்பேன். மாதக்கணக்கில் மெல்ல இறங்கியது, என் உடம்பும் கூடவே கணக்கை மாற்றிக்கொண்டது.

எனக்கு இன்னும் ஆறாதது எது என்றால், அது எனக்குக் காட்டியே கொடுத்தது. கயிற்றின் அடி தரையில் புரள ஆரம்பித்தது. காலில் சிக்குகிறதே என்று அரிவாளால் இரண்டு முறை நறுக்கி எறிந்தேன். மொத்தம் ஒன்றரை முழம் இருக்கும். நறுக்கும்போது இது எங்கிருந்து வந்தது என்று ஒரு நொடி யோசித்திருக்கலாம்.

கோபத்தில் கயிறு திரித்துக் கொடுத்தவரிடம் போனேன். பெரியவர் கையிலிருந்த வேலையை நிறுத்தவில்லை. "நார்க் கவுறு நீளத்தான் தம்பி செய்யும். மாடு கட்டுறவன் எவன் அளந்து பாக்குறான்? ஏறுறதுக்குன்னு சொன்னே, அடையாளம் வைக்கப்போறேன்னு சொல்லலியே" என்றார். நியாயம்தான். அவர் விற்ற பொருளில் ஒரு குற்றமும் இல்லை. ஆனாலும் நாற்பது வருடமாகக் கயிறு திரிக்கிறவர், வாங்குகிறவன் ஒல்லிப் பையன், பரீட்சைக்கு ஏறப்போகிறான் என்று தெரிந்தும் "நீளும் தம்பி" என்று இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அவரை மன்னித்துவிட்டேன் என்று சொன்னால் அது பொய்.

சரி, தம்பிக்கு உதவும் விஷயத்துக்கு வருகிறேன். கயிறு வாங்கியதும் அடையாளம் வைக்காதே. கட்டித் தொங்கவிட்டு, மணல் மூட்டை எண்பது கிலோவுக்குக் குறையாமல் ஒரு வாரம் கட்டிவை. பிறகு ஒரு மாதம் சும்மா ஏறு. அதற்குப் பிறகும் அடையாளத்தைக் கயிற்றில் வைக்காதே. நான் இப்போது கயிற்றுக்குப் பக்கத்தில் நீளமான சவுக்குக் கழி ஒன்றை ஆழமாக நட்டு, அதில் 5, 6, 6.30 மீட்டரில் பெயின்ட் அடித்திருக்கிறேன். கயிறு என்ன செய்தாலும் கழி அப்படியே நிற்கும். 6.30 எதற்கு என்று கேட்காதே, அதைத் தொடாமல் நான் இறங்குவதில்லை. மழையில் நனைந்தால் கயிறு சற்றுக் குறுகும், காய்ந்தால் திரும்ப நீளும், ஈரத்தில் அளந்து ஏமாறாதே. மாதம் ஒருமுறை மேலே போய்ச் சாக்கைப் பிரித்துக் கயிறு தேய்ந்திருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். போன ஞாயிறு நான் பார்த்தபோது மூன்று புரியில் ஒன்று பாதி அறுந்திருந்தது. தேய்ந்த முனையை வெட்டிவிட்டு மறுபடி கட்டினேன். அடியில் நறுக்காமல் இருந்திருந்தால் இப்போது நீளம் தாராளமாக இருந்திருக்கும். இப்போது கயிறு தரையைத் தொடவில்லை, ஒரு முழம் மேலேயே நிற்கிறது.

கயிற்றை எடை போட்டுப் பார்த்தால் நல்லதுதான் அதிகம், மேலே எழுதியதைப் படித்தாலே தெரியும். பிடி, உழைப்பு, விலை மூன்றிலும் நைலானும் நூலும் பக்கத்தில் வராது. எனக்கு வயது வரம்புக்குள் இன்னும் இடம் இருக்கிறது, நானும் அப்ளை செய்திருக்கிறேன். தினமும் சாயங்காலம் இதே கயிற்றில்தான் ஏறுகிறேன். வேறு கயிறு மாற்ற நினைத்ததே இல்லை.

ஆனால் தம்பி, நீ நார்க் கயிறு வாங்காதே. அந்த இடத்துக்கு உன்னை அழைத்துப்போய் விலை பேசிக் கொடுக்க என்னால் முடியாது. நைலானில் கை பொசுங்கினாலும் பரவாயில்லை, முடிச்சு முடிச்சாகப் போட்டு ஏறு. இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி இங்கே வந்துவிடு. வரும்போது ஒரு டேப் வாங்கிக்கொண்டு வா, என்னுடையதில் முதல் இரண்டு அடி எண்கள் அழிந்துவிட்டன.