குருவா, தனி அறையா?

‘தி டிசைப்பிள்’ படத்தை எடுப்பதற்கு முன்னால் இந்திய இயக்குநர் சைதன்ய தம்ஹானே மெக்சிகோ நகரத்துக்குப் போனார். ரோலெக்ஸ் நிறுவனத்தின் குரு–சீடர் திட்டத்தில், 2016-ல் அவருக்கு வாய்த்த குரு மெக்சிகோ இயக்குநர் அல்ஃபோன்சோ குவாரோன். அங்கே குவாரோனின் ‘ரோமா’ படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தது. நடிகர்கள் கையில் முழுத் திரைக்கதை கிடையாது. அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் சொல்லி, கதை நகரும் வரிசையிலேயே எடுத்துக்கொண்டு போனார் குவாரோன். தம்ஹானே பக்கத்தில் நின்று பார்த்தார்.

ஸ்பாட்டில் நின்று தொழில் கற்பது நம் உதவி இயக்குநர்களுக்குப் புதிதில்லை. ஆனால் இங்கே கிளாப் அடிக்க வேண்டும், கண்டினியுட்டி எழுத வேண்டும், ஆர்ட்டிஸ்டைக் கூப்பிட ஓட வேண்டும். தம்ஹானேவுக்கோ தன் கதையை மனதில் வைத்துக்கொண்டு பார்க்க நேரம் இருந்தது. குவாரோனே பிறகு ‘தி டிசைப்பிள்’ படத்துக்கு நிர்வாகத் தயாரிப்பாளரானார். 2020-ல் வெனிஸ் திரைப்பட விழாவில் அதற்குச் சிறந்த திரைக்கதை விருது கிடைத்தது.

இயக்குநர் பாயல் கபாடியா போன வழி வேறு. புனே திரைப்படக் கல்லூரியில் படித்தவர், 2019-ல் கான் திரைப்பட விழா நடத்தும் பாரிஸ் ரெசிடென்ஸுக்குத் தேர்வானார். 2000-ல் தொடங்கிய திட்டம் அது. ஒரு சுற்றுக்கு ஆறு பேர். நாலரை மாதம் தங்க இடம், கைச்செலவுக்கு மாதாமாதம் பணம். வேலை ஒன்றுதான்: எழுதுவது. அங்கே அவர் கொண்டுபோன கதை, ‘ஆல் வி இமேஜின் அஸ் லைட்’ படமாகி 2024-ல் கானில் இரண்டாவது பெரிய விருதான கிராண்ட் பிரி வாங்கியது. நடுவில் ஐந்து வருடம்.

அமெரிக்காவின் சன்டான்ஸ் பட்டறை மூன்றாவது வழி. தேர்வானவர்கள் நடிகர்களை வைத்துத் தங்கள் திரைக்கதையின் சில காட்சிகளை எடுத்து, எடிட் செய்து பார்க்கலாம். அது வெறும் ஒத்திகை, படத்தில் சேராது. 1991-ல் ஹாலிவுட் இயக்குநர் டாரன்டினோ தன் முதல் படத்தின் காட்சிகளை இப்படித்தான் அங்கே எடுத்துப் பார்த்தார். நடிகர்களைக் கையாளப் பயப்படுகிறவர்களுக்கு இது பெரிய வரம்.

இந்த மூன்றில் எதற்குப் போகலாம் என்று நம்மூர் இணை இயக்குநர் ஒருவர் என்னிடம் கேட்டால் பாரிஸைத்தான் சொல்வேன். அவருக்கு ஏற்கெனவே ஒரு குரு இருக்கிறார், சில சமயம் நாலைந்து பேர் இருப்பார்கள். வாடகைக் கவலை இல்லாத நாலு மாதம்தான் அவருக்கு வாய்ப்பதே இல்லை. வடபழனி அறையில் நாலு பேர் தூங்கிய பிறகு, செல்போன் வெளிச்சத்தில் டிராஃப்ட் எழுதுகிற ஆட்கள் இவர்கள். அதோடு ரோலெக்ஸுக்கு நாமாக விண்ணப்பம் போட முடியாது, அவர்கள் கூப்பிட வேண்டும். பாரிஸுக்குப் போடலாம்.

தடை மொழிதான். ஆங்கிலமோ பிரெஞ்சோ நன்றாக வேண்டும். நெல்லைப் பேச்சில் எழுதிய கதையில் அப்பா மகனை ‘ஏலே’ என்று கூப்பிடுவதில் இருக்கும் அதட்டலும் பாசமும் ஆங்கிலப் பக்கத்தில் எங்கே போய் நிற்கும்? கதைச் சுருக்கத்தை அந்தப் பேச்சு தெரிந்த நண்பரிடம் கொடுத்து மொழிபெயர்க்கச் சொல்லுங்கள், ஒவ்வொரு வரிக்கும் பக்கத்திலேயே உட்காருங்கள்.