முதியோர், மாற்றுத்திறனாளிகள் வீட்டார் கவனத்துக்கு: நிவாரணம் வாங்கித் தருவதாகச் சொல்லி 22,000 ரூபாயைச் சுருட்டிவிட்டார்கள்

இன்று மதியம்தான் விஷயம் தெரிந்தது. ஆத்திரம் அடங்கவில்லை.

என் அத்தைக்கு 71 வயது. சிறுவயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிப்போனவர். போன வருஷம் பைக்கில் வந்த இரண்டு பேர் கழுத்திலிருந்த ஒரு பவுன் செயினை அறுத்துக்கொண்டு போனார்கள். கீழே விழுந்ததில் வலது பக்க இடுப்பெலும்பு முறிந்தது. இப்போது வாக்கர் இல்லாமல் பாத்ரூமுக்குக்கூடப் போக முடியாது. அந்தப் பயல்கள் இன்னும் பிடிபடவில்லை.

கோர்ட்டுக்கு எதிர்த் தெருவில், ஜெராக்ஸ் கடையும் ஆன்லைன் விண்ணப்பமும் சேர்ந்த மாதிரி ஒரு 'சட்ட உதவி' மையம். அதை நடத்துகிறவர் வீடு தேடி வந்தார். வெள்ளைச் சட்டை, கறுப்பு பேண்ட், கையில் கோப்பு. "குற்றத்துல பாதிக்கப்பட்டவங்களுக்கு அரசு நிதி இருக்குங்கம்மா, உங்களுக்கு 3 லட்சம் உறுதி" என்றார். எஃப்.ஐ.ஆர். நகல், டிஸ்சார்ஜ் சம்மரி, மாற்றுத்திறனாளி அடையாள அட்டை எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கினார். அத்தையின் பெருவிரலை மைப்பெட்டியில் அழுத்திக் கைநாட்டு வாங்கியதும், தன் கைக்குட்டையை எடுத்து அந்த மையைத் தானே துடைத்துவிட்டார். அத்தைக்குக் கண் கலங்கிவிட்டது. "பெத்த புள்ளை மாதிரி" என்றார். அந்த இடத்தில்தான் 22,000 ரூபாய் கைமாறியது. திருடன் விட்டுவைத்த கம்மலை அடகு வைத்த பணம். மாதம் 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகை வாங்குகிறவருக்கு 22,000 என்றால் ஒன்றரை வருஷ வருமானம்!

அதன் பிறகு எப்போது கேட்டாலும் ஒரு சாக்கு. "ஃபைல் மேல போயிருக்கு." "மேடம் லீவு." "நீங்க அடிக்கடி போன் பண்ணினா அவங்க கோவிச்சுக்குவாங்க." வாட்ஸ்அப்பில் ப்ளூ டிக் விழும், பதில் வராது. நேரில் போனால் கடைப் பையன், "அண்ணன் கோர்ட்ல இருக்காரு" என்பான். கடைசியில், "அது கன்சல்டிங் ஃபீஸ், திருப்பித் தர்றதில்ல" என்று அத்தையிடமே சொல்லியிருக்கிறார். கூசாமல்.

இன்று கோர்ட் வளாகத்துக்குள்ளேயே இருக்கும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போனேன். பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தார்கள். அத்தை பெயரில் மனுவே இல்லை. அந்த நிவாரணம் நிஜமாகவே இருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 357ஏ, இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 396ஆம் பிரிவு. தமிழ்நாட்டில் 2013 முதல் இதற்கென்றே திட்டம் உண்டு. குற்றவாளி யாரென்றே தெரியாவிட்டாலும் பாதிக்கப்பட்டவர் மனு கொடுக்கலாம். இரண்டு மாதத்தில் விசாரணையை முடிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. மனுவுக்குக் கட்டணம் கிடையாது. எவ்வளவு தருவது என்பதை ஆணைக்குழு விசாரித்துத்தான் முடிவு செய்யும். முன்கூட்டியே '3 லட்சம் உறுதி' என்று எவனாலும் சொல்ல முடியாது. இலவசமாகக் கிடைப்பதற்கு 22,000 ரூபாய் பிடுங்கியிருக்கிறான், அதுவும் நடக்க முடியாத ஒரு கிழவியிடம்.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. சுருக்கமாக: மனுவை ஆணைக்குழு அலுவலகத்திலேயே நேராகக் கொடுங்கள், பதிவு எண் வாங்காமல் வராதீர்கள். பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பார்க்காமல் அங்கே வக்கீலும் இலவசம். போன் 15100. அசல் ஆவணங்களை யாரிடமும் விடாதீர்கள். வெற்றுத்தாளில் கைநாட்டு வேண்டவே வேண்டாம். காசு கேட்டால் ஆள் போலி.

நாளைக் காலை ஸ்டேஷனில் புகார் கொடுக்கிறோம். இதே மாதிரி ஏமாந்தவர்கள் இருந்தால் ரசீது, ஸ்க்ரீன்ஷாட் எதையும் அழிக்காமல் வையுங்கள், சேர்ந்தே கொடுக்கலாம்.