11 வருஷ ஸ்டீரியோவும் போகாத 'கும்'மும்

"ஸ்டீரியோ வாங்கப் போறேன்ல. ஆம்ப்ளிஃபயர்ல காசப் போடவா, கேபிள்ல போடவா?" தென்காசிச் சேக்காளி போன வாரம் கேட்டான். நேரம் பார்த்துக் கேட்டான். அன்றுதான் என் ஸ்பீக்கர் ரிப்பேர் முடிந்து வந்திருந்தது.

என் ஸ்பீக்கருக்கு 11 வயது. முதல் ஏழு வருஷம் செங்கோட்டையில் தாத்தாவின் ஓட்டு வீட்டில் பாடியது. மிருதங்கத்தின் இடப்பக்கத் தொப்பியும் வலப்பக்க வலந்தலையும் தனித்தனியாகக் காதில் விழும். அப்புறம் கான்கிரீட் வீடு கட்டினோம். பாட்டுக்கென்றே ஓர் அறை: 10க்கு 10 அடி, உயரமும் 10. சதுரம்தான் லட்சணம் என்றார் கொத்தனார். நானும் தலையாட்டினேன்.

அன்று பிடித்தது 'கும்'.

10 அடி இடைவெளியில் எதிரெதிராக நிற்கும் சுவர்களுக்கு நடுவே 56, 57 ஹெர்ட்ஸ் ஒலி (நொடிக்கு அத்தனை அதிர்வு, அடித்தொனி) மாட்டிக்கொண்டு 'கும்' என்று வீங்கும். என் அறையில் நீளம், அகலம், உயரம் மூன்றுக்கும் அதே எண். பேஸ் கிட்டாரின் ஏ தந்தி 55 ஹெர்ட்ஸ். அதைத் தொட்டால் போதும், பாடகரையே அறை விழுங்கிவிடும். நான் ஆம்பைச் சந்தேகப்பட்டேன். இரண்டு மடங்கு வாட்ஸில் புதிது வாங்கினேன். வாட்ஸ் இரட்டித்தால் கூடுவது 3 டெசிபல்தான், காதுக்குச் சொற்பம்; 'கும்'முக்கும் சேர்த்துத்தான் கூடியது. கேபிளும் மாற்றினேன். அதன் விலையைச் சொன்னால் வீட்டில் சோறு கிடைக்காது.

இந்த ஆடியில் ஸ்பீக்கரின் கோனை (அதிர்ந்து ஒலியெழுப்பும் கூம்பை)ச் சுற்றியிருந்த ஃபோம் புட்டு மாதிரி உதிர்ந்தது. நியாயமாகச் சொன்னால் கம்பெனி மேல் தப்பில்லை. ஆரியங்காவு கணவாய்க் காற்றும் சாரலும் இத்தனை வருஷம் அடித்தால் ஃபோம் என்ன செய்யும்? எங்கள் பக்கத்தில் வாங்குபவர்கள் ரப்பர் விளிம்பாகப் பார்த்து வாங்குங்கள்.

மடியில் வைத்துப் புனலூருக்குப் பஸ் ஏறினேன். மெக்கானிக் புது ஃபோம் ஒட்டிப் போட்டுக் காட்டினார். சாக்கும் அட்டைப்பெட்டியும் குவிந்த கடையில் அப்படிப் பாடியது! என் புலம்பலைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "செட்டினு குழப்பமில்லா. முறிக்காணு குழப்பம்." போனில் கேட்டுக்கொண்டிருந்த மனைவி மதுரைக்காரி. "ஐயோ, எத முறிச்சாங்க?" என்று பதறினாள். மலையாளத்தில் முறி என்றால் அறை, குழப்பம் என்றால் கோளாறு என்று விளக்க வேண்டியிருந்தது.

வந்ததும் ஸ்பீக்கர்களை மூலையிலிருந்து இரண்டடி முன்னால் இழுத்தேன். பழைய பஞ்சு மெத்தையைச் சுவரோடு நிறுத்தினேன். கை தட்டினால் வரும் 'ணங்' போனது, 'கும்' போகவில்லை. முதுகைச் சுவரில் சாய்த்தால் 'கும்' உச்சத்தில் நிற்கிறது, நடு அறைக்கு நாற்காலியை நகர்த்தினால் பெரும்பாலும் அடங்குகிறது. அதனால் நடு அறையில்தான் உட்கார்ந்திருக்கிறேன். வீட்டார் என்னைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள்.

குரலுக்கு இந்த ஸ்பீக்கரை அடிக்க ஆளில்லை. ஆனாலும் அன்றிருந்த எரிச்சலில், "எதையும் வாங்காதே, என் செட்டையே பாதி விலைக்கு எடுத்துக்கோ" என்று சேக்காளியிடம் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வருகிறானாம். என்ன சொல்லித் திருப்பி அனுப்புவது என்றுதான் இப்போது யோசித்துக்கொண்டிருக்கிறேன்.