கிட்டப் போய்த் திரும்பி வர எது வசதி: கோரல்ட்ரோவா, போட்டோஷொப்பா?

திருகோணமலையில் பதாகை, மரண அறிவித்தல், கல்யாணக் கார்ட் என்று டிசைன் செய்கிறவர்கள் மென்பொருளை ஒப்பிட்டால் எழுத்துருவையும் எஃபெக்டையும் பற்றித்தான் பேசுவார்கள். ஆனால் நாள் முழுக்கக் கை செய்வது வேறு வேலை: திரையில் பெரிதாக்கிக் கிட்டப் போவது, நகர்த்துவது, திரும்ப முழுப் பக்கத்துக்கு வருவது. கிட்டப் போக எல்லா மென்பொருளும் விடும். திரும்பி வருவதில்தான் வித்தியாசம் தெரியும்.

கோணேசர் கோயில் தேருக்கு 10 அடிக்கு 4 அடியில் ஒரு பதாகை என்று வையுங்கள். புள்ளி விடுபட்டதா, கொம்பு தள்ளி நிற்கிறதா என்று எழுத்தெழுத்தாகப் பார்க்க வேண்டும். உடனே வெளியே வந்து, ரோட்டில் போகிறவர் கண்ணில் திகதி படுமா என்றும் பார்க்க வேண்டும்.

இதில் கோரல்ட்ரோவுக்குத்தான் என் ஓட்டு. மவுஸ் சக்கரத்தை உருட்டினாலே பெரிதாகும், அதே சக்கரத்தை அழுத்திப் பிடித்து இழுத்தால் நகரும். ஷிஃப்டோடு எஃப் 2 அடித்தால் தெரிவு செய்த பொருள் மட்டும் திரையை நிரப்பும், எஃப் 4 அடித்தால் எல்லாப் பொருளும் தெரியும். பக்கத்துக்கு வெளியே பழைய படம் ஒன்று கிடந்தால் எஃப் 4 அதையும் சேர்த்துக் காட்டும், பதாகை ஒரு மூலைக்குச் சுருங்கிவிடும். அப்போது ஷிஃப்டோடு எஃப் 4 அடியுங்கள், பக்கம் மட்டும் வரும். அச்சுக்கு அனுப்புமுன் எஃப் 4 அடித்துப் பார்ப்பது நல்ல பழக்கம், வெளியே கிடக்கும் மிச்சமெல்லாம் மாட்டும்.

போட்டோஷொப்பில் அதே பதாகையை அங்குலத்துக்கு 72 பிக்சலில் போட்டாலும் அகலம் 8640 பிக்சல். 1366 பிக்சல் திரையில் முழுசாகப் பார்க்க 15 சதவீதம் வரை சுருக்க வேண்டும். கொன்ட்ரோலோடு 0 முழுப்படம், கொன்ட்ரோலோடு 1 நூறு சதவீதம். சாமி படம் உடைகிறதா என்பதை அந்த நூறில் வைத்துத்தான் சொல்ல முடியும். சக்கரத்தால் பெரிதாக்க ஆல்ட்டையும் பிடிக்க வேண்டும். ஆனால் எச் கீயைப் பிடித்தபடி கிளிக் செய்தால் முழுப்படமும் ஒரு சட்டமும் வரும். சட்டத்தை வேண்டிய இடத்துக்கு இழுத்து விட்டால் பழைய அளவிலேயே அங்கே போய் நிற்கும். கோரலிலும் N கீயை அடித்தால் இதுபோல ஒரு சின்ன ஜன்னல் வரும். கிராபிக்ஸ் வசதி இல்லாத பழைய கொம்பியூட்டரில் மட்டும் போட்டோஷொப்பின் அந்த எச் கீ வேலை செய்யாது.

இரண்டுக்கும் இடையே மாறுகிறவரைக் குழப்புவது ஸ்பேஸ் கீ. போட்டோஷொப்பில் அதைப் பிடித்தால் கை வரும், நகர்த்தலாம். கோரலிலோ கையில் இருந்த டூல் போய்த் தெரிவு டூல் வந்துவிடும். போட்டோஷொப்பிலும் எழுத்துக்குள் கர்சர் இருந்தால் கவனம்: தெரிவு செய்த பெயர் அழிந்து அங்கே வெற்றிடம் விழும். மரண அறிவித்தலில் அப்படி ஒரு பெயர் போகவே கூடாது.

காசு கொடுக்க முடியாதவருக்கு இன்க்ஸ்கேப் போதும். அதில் 3 கீயை அடித்தால் தெரிவு செய்ததைக் காட்டும், 4 வரைந்த எல்லாவற்றையும், 5 பக்கத்தை. கொன்ட்ரோலோடு சக்கரத்தை உருட்டினால் பெரிதாகும்.

கும்பாபிஷேக மலர் மாதிரிப் பல பக்க வேலை என்றால் இன்டிசைன்தான். எழுத்துக்குள் கர்சர் நிற்கும்போதே ஆல்ட்டைப் பிடித்தால் கை வந்துவிடும், ஒரு எழுத்தும் கெடாது. பிழை திருத்தும் வேலைக்கு இது ஒன்றுக்காகவே அதை எடுப்பேன்.