‘புரிந்துகொள்வர்’ என்று எழுதுவதா, ‘செய்வர்’ என்று எழுதுவதா?

பாடக்குறிப்பில் கற்றல் நோக்கம் எழுத உட்கார்ந்தால் கை தானாக எழுதுவது ‘மாணவர்கள் பின்னங்களின் கூட்டலைப் புரிந்துகொள்வர்’ என்பதைத்தான். அரை நிமிட வேலை, கையெழுத்தும் கிடைத்துவிடும். ஆனால் மணி அடித்தபின் யாருக்குப் புரிந்தது என்று எதை வைத்துச் சொல்வது? ‘புரிஞ்சுதா?’ என்றால் மொத்த வகுப்பும் ‘புரிஞ்சுது சார்’ என்று ராகம் போடும், அதே பிள்ளைகள் நோட்டில் 1/2 + 1/3 = 2/5 என்று எழுதி வைத்திருப்பார்கள், தொகுதியையும் பகுதியையும் தனித்தனியாகக் கூட்டி.

இன்னொரு வகை: ‘வேற்றினப் பின்னங்கள் இரண்டைப் பொதுப் பகுதிக்கு மாற்றிக் கூட்டுவர், 5 கணக்கில் 4 சரியாக.’ இதற்கு யோசிக்க வேண்டும், சோம்பல் வரும். ஆனால் எழுதி முடிக்கும்போதே கடைசி ஐந்து நிமிடத்துக்கான கணக்குகளும் கையில் இருக்கும். கற்றல் நோக்கங்களைப் படிநிலைகளாகப் பிரிக்கும், 1956-இல் வந்த புளூம் வகைப்பாட்டை 2001-இல் திருத்தியபோது படிநிலைகளின் பெயர்களை வினைச்சொற்களாக மாற்றினார்களே, அதுவும் இந்தப் பக்கம்தான்.

அன்றாடப் பாடவேளைக்கு என் ஓட்டு இரண்டாவதற்கு. முழு அலகுக்கு ‘புரிந்துகொள்வர்’ இருந்துவிட்டுப் போகட்டும். அப்புறம், செய்யுள் வகுப்புக்கு ‘5-இல் 4’ என்று எழுதாதீர்கள், ப்ளீஸ்.