குரல்வளைச் சவ்வு: வெட்டினால் போதுமா, கீல் வைக்க வேண்டுமா, கழுத்தைத் திறக்க வேண்டுமா?

குரல் நாண்களை முன்பக்கம் ஒட்டவைத்திருக்கும் சவ்வை வெட்டுவது பெரிய வேலையில்லை. வெட்டிய இடம் மறுபடி ஒட்டாமல் காப்பதுதான் கடினம். பிரித்த இரு ஓரங்களும் தோலுரிந்த புண்ணாக எதிரெதிரே நிற்கும்; நாண்கள் முன்னே சந்திக்கும் முன் இணைப்பில் அவற்றுக்கிடையே இடைவெளியே இல்லாததால், ஆறும்போது ஒன்றோடொன்று கூடிவிடும். ஆகவே முறைகளை ஒப்பிட இந்த ஓர் அளவுகோல் போதும்.

கத்தியாலோ கார்பன் டை ஆக்சைடு லேசராலோ வெறுமனே வெட்டிவிடுவது, ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிய சவ்வுக்குப் பொருந்தும். தடித்ததென்றால் பெரும்பாலும் திரும்ப ஒட்டிக்கொள்ளும். லேசரானால் சூடு பக்கத்துத் திசுவையும் தாக்கி வடுவைக் கூட்டக்கூடும். வடுவைக் குறைக்கும் நோக்கில் மைட்டோமைசின் என்ற மருந்தைத் தடவுவது துணைதான். அதன் பலன் பற்றி ஒருமித்த கருத்து இல்லை.

நடுத்தரச் சவ்வுக்கு எங்கள் தேர்வு, வாய்வழியே பிரித்து சிலிகோன் கீல் (keel எனும் மெல்லிய தடுப்புத் தகடு) வைப்பது. இரு புண்களுக்கும் நடுவே அது தடுப்பாக நிற்க, மேல்தோல் தனித்தனியே வளர்ந்து மூடுகிறது. கீலின் மேல்முனை முன் இணைப்பைத் தாண்டியும், கீழ்முனை சவ்வின் அடிவரையும் எட்ட வேண்டும். குட்டையாக இருந்தால் விட்ட இடத்தில் ஒட்டும். பின்பக்கம் நீண்டால் நாண்களின் பின்முனையிலுள்ள அரிட்டினாய்டு குருத்தெலும்பை உரசி வீக்கமும் சதை வளர்ச்சியும் வரும். தையல் நூலை மேலும் கீழுமாகக் கழுத்துத் தோல் வழியே வெளியே எடுத்து, ஒரு பட்டன்மேல் முடிச்சிட வேண்டும். முடிச்சு தளர்ந்தால் கீல் ஒவ்வொரு விழுங்கலுக்கும் ஆடும், அந்த ஆட்டமே சதையை வளர்க்கும். கழன்றால் மூச்சுக்குழலுக்குள் நழுவும் ஆபத்தும் உண்டு. பிரிக்கும்போது தைராய்டு குருத்தெலும்பு வெளித்தெரியும் அளவுக்கு ஆழம் போகக்கூடாது.

வழக்கமாக இரண்டு மூன்று வாரம் கழித்துக் கீலை எடுக்கிறார்கள். இதற்கு இரண்டாவது முறை மயக்க மருந்து தர வேண்டும்; இந்த முறையின் உண்மையான விலை இதுதான். இடையில் மூச்சில் சத்தம் வந்தால் தாமதிக்காமல் பார்க்க வேண்டும். குழந்தையின் சிறு குரல்வளையில் கீல் காற்றுவழியையே குறுக்கிவிடும் என்பதால், அங்கே டிராக்கியாஸ்டமி (கழுத்தில் மூச்சுக்குழலைத் திறந்து மூச்சுக்கு வழி அமைப்பது) தேவைப்படலாம். மூச்சுக்குத் தடையில்லாத மெல்லிய சவ்வானால் குழந்தை வளரும்வரை காத்திருக்கலாம்.

கீல் தவிர்க்க ஒரு வழி: சவ்வை ஒரு நாணின் ஓரமாக வெட்டி, மற்ற நாண்மேல் மடித்துத் தைப்பது. புண் ஒரு பக்கம் மட்டுமே இருக்கும். ஆனால் நுண்ணிய தையலுக்குக் கை பழகியிருக்க வேண்டும், சவ்வும் மடிக்கத் தகுந்ததாக இருக்க வேண்டும்.

சவ்வு, குரல்வளையின் அடியிலுள்ள வளையக் குருத்தெலும்பான கிரிக்காய்டு வரை இறங்கித் தடித்திருந்தால் கழுத்தைத் திறப்பதே சரி. சவ்வு குரல்வளையை எவ்வளவு மூடுகிறது என்பதை வைத்துப் பிரிக்கும் கோஹன் வகைப்பாட்டில், 75 சதவீதத்துக்கு மேல் மூடிய நான்காம் வகை பெரும்பாலும் இப்படித்தான். அங்கே நடுவில் திறந்து, குருத்தெலும்பு ஒட்டு வைத்து வளையத்தையே அகலப்படுத்த வேண்டியிருக்கும். வாய்வழியே கீல் வைப்பது கீழ்க்குறுக்கத்தைத் தொடவே தொடாது.

பிறவிச் சவ்வானால் அறுவைக்கு முன் 22கியூ11.2 குறைபாட்டுக்கான (22ஆம் குரோமோசோமில் ஒரு சிறு பகுதி இல்லாமை) மரபணுச் சோதனை அவசியம். இதயக் கோளாறும் கால்சியம் குறைவும் சேர்ந்திருக்கலாம், மயக்க மருத்துவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். எந்த முறையானாலும் மூச்சு சீராவது போல் குரல் முழுதாகத் திரும்பும் என்று நோயாளிக்கு வாக்குக் கொடுக்கக்கூடாது. வடு ஏறிய நாண் பழையபடி அதிராது.