வேபேர்னின் மூன்று இறுவட்டுகள்

ஐரோப்பிய இசையமைப்பாளர் அன்ரன் வேபேர்னின் படைப்புகளை பியேர் பூலேஸின் நெறியாள்கையில் பதிவுசெய்து, 1978இல் இசைத்தட்டுகளாகவும் பின்னர் சொனி நிறுவனத்தின் மூன்று இறுவட்டுகளாகவும் வெளியிட்ட தொகுப்பை, யாழ்ப்பாணத்தில் கர்நாடக இசை கேட்டு வளர்ந்த ஒருவர் வாங்கலாமா என்று கேட்டால், தாராளமாக வாங்கலாம், ஆனால் முதல் இறுவட்டிலிருந்து வரிசையாகக் கேட்கத் தொடங்கக்கூடாது என்பதே என் பதில்.

1883இல் வியன்னாவில் பிறந்து இசையமைப்பாளர் ஷேன்பேர்க்கிடம் பயின்ற வேபேர்ன், ஓபஸ் எண் (படைப்பின் வரிசை எண்) இட்டவை முப்பத்தொன்றே. பல உருப்படிகள் சில நிமிடங்களில் முடிந்துவிடும். 1924இன் ஓபஸ் 17 தொடக்கம் அவர் பன்னிரு சுர முறையில் எழுதினார். பன்னிரு சுரத்தானங்கள் நமக்குப் புதியவையல்ல. ஆனால் நாம் அவற்றில் சிலவற்றைத் தெரிவுசெய்து, தம்புராவின் சட்சத்தை ஆதாரமாகக் கொண்டு இராகம் பாடுகிறோம். இவரோ பன்னிரண்டையும் ஒரு வரிசையில் நிறுத்தி, எதற்கும் தலைமை கொடுக்காமல், அவ்வரிசையை நேராகவும் பின்னோக்கியும் தலைகீழாகவும் தலைகீழைப் பின்னோக்கியும் கையாளுகிறார். ஆதார சுருதியைத் தேடும் செவி முதலில் களைத்துத்தான் போகும்.

ஆகவே ஹில்டகார்ட் யோனேயின் கவிதைகளுக்கு அமைத்த ஓபஸ் 23, 25 பாடல்களிலிருந்து தொடங்குவது நல்லது. ஒரு குரலும் ஒரு பியானோவும் மட்டுமே இருப்பதால் வரிசையின் போக்கு செவிக்கு எட்டுகிறது. பாடகி ஹெதர் ஹார்ப்பர், சுரங்களுக்கிடையிலான பெரும் தாவல்களையும் இயல்பான பாட்டைப் போலவே பாடுகிறார். கிளாரினெற்றும் கிற்றாரும் உடன்வரும் ஓபஸ் 18 இதற்கு நேர்மாறு: ஹலீனா லுகோம்ஸ்காவின் குரல் உச்சத்தில் கூர்மையடைவதால், முதன்முறை கேட்பவர் மிரண்டுவிடலாம்.

கருவியிசையில் எனக்கு மிகவும் பிடித்தது, ஒன்பது கருவிகளுக்கான ஓபஸ் 24. முதல் மூன்று சுரங்களே மூன்று முறை உருமாறிப் பன்னிரண்டையும் நிறைவுசெய்யும் இதன் அமைப்பை, தனியாவர்த்தனத்தில் கோர்வையின் கணக்கை விரல்விட்டு எண்ணும் பழக்கமுள்ள இரசிகர் விரைவில் பிடித்துக்கொள்வார். ஓபஸ் 22இல் வயலின், கிளாரினெற், பியானோவுடன் டெனர் சக்சபோனும் சேர்கிறது. சக்சபோனில் கர்நாடக இசை வாசித்த கத்ரி கோபால்நாத்தைக் கேட்டுப் பழகிய நமக்கு, கமகமே இல்லாத சக்சபோன் சற்று விநோதமாகத்தான் ஒலிக்கும். ஜூலியாட் தந்திக்கருவி நால்வர் குழு வாசிக்கும் ஓபஸ் 28 துல்லியமானது, ஆனால் ஒலிப்பதிவு வறண்டிருக்கிறது.

இவ்விசையில் மௌனத்துக்கும் மிக மெல்லிய ஒலிக்கும் பெரும் பங்குண்டு என்பதால், மின்விசிறி சுழலும் அறையில் ஒலிபெருக்கி வழியே கேட்பதில் பயனில்லை. நல்ல ஹெட்போன் வேண்டும். நல்லூர்த் திருவிழாவின் 25 நாள்களிலும் கோயிலுக்கு அண்மையில் வசிப்பவர்களுக்கு நள்ளிரவும் வேண்டும்.

'முழுமையான படைப்புகள்' என்ற தலைப்பை அப்படியே நம்பவேண்டாம். 1904இல் எழுதிய 'கோடைக் காற்றில்' போன்ற ஓபஸ் எண் பெறாத இளமைக்காலப் படைப்புகள் இதில் இல்லை. அவற்றை விரும்புவோர் பூலேஸே பின்னர் டொய்ச்ச கிராமபோன் நிறுவனத்துக்காக அளித்த ஆறு இறுவட்டுத் தொகுப்பை நாடவேண்டும். ஆனால் ஷூபேர்ட்டின் ஜேர்மன் நடனங்களை வேபேர்னே நெறியாளும் 1932ஆம் ஆண்டு வானொலிப் பதிவு இங்கே உண்டு. அதில் அவர் காலப்பிரமாணத்தை நெகிழ்த்தி இழைப்பதைக் கேட்டபின், பூலேஸ் நடத்தும் ஓபஸ் 21 சிம்பொனி விறைப்பாகவே தோன்றுகிறது. அந்த நெகிழ்வு இத்தொகுப்பில் பெரும்பாலும் சார்ள்ஸ் ரோசனின் பியானோவில்தான் கிடைக்கிறது.